தானம் கொடுக்கப் போன தகப்பன்

கச்சான் காற்று எழும்பிவிட்டால் கற்பிட்டியில் கருவாடு போடுகிறவனுக்கு நின்று மூச்சுவிட நேரமில்லை. காற்று ஈரத்தை இழுக்கும், அது நல்லது. மணலை வாரிக்கொண்டு வந்து மீனில் அப்பும், அது கெட்டது. கட்டா மீனைக் கீறி, உப்பில் ஊறவைத்து, கழுவி, பந்தலில் கட்டின வலைமேல் அடுக்கிவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்ட வேண்டும். மேல்பக்கம் காய்ந்து பளபளவென்று கிடக்கும். பார்க்கிறவன் சரக்கு நல்லது என்பான். அடிப்பக்கம் வேர்த்து நொதித்துக் கிடக்கும். அது புரட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

ஹாசிம் நானாவுக்கு எழுபத்தொரு வயது. ஐம்பது வருசம் புரட்டின கை. அன்றைக்கும் காலையில் புரட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் சேர்ட் பையில், பொலித்தீன் பைக்குள் கட்டிவைத்திருந்த போன் அடித்தது. கையை சாரத்தில் துடைத்துவிட்டு எடுத்தார்.

"ஹாசிம் நானாவா? நான் றோசமேரி. விடுதியில கூட்டித் துடைக்கிறவ."

"செல்லுங்க தங்கச்சி."

"நான் சொல்றத கேட்டுட்டுச் சத்தம் போடாதீங்க. கக்கூசுக்குள்ள நின்டு கதைக்கிறேன். உங்கட மகனுக்குக் காய்ச்சல் இல்ல நானா. ஒரு நாளும் காய்ச்சல் இல்ல. முதுகுக்குக் கீழ புண். என்ட உள்ளங்கை அளவு வந்திட்டுது. நாலு நாளா நாத்தம்."

காற்று போனுக்குள் இரைந்தது.

"நானா, இருக்கீங்களா?"

"இரிக்கன். காய்ச்சல் எண்டுதானே அவனும் சென்னான்."

"அவரு அப்படித்தான் சொல்லுவாரு. பயம். நான் சொன்னேன்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு."

போன் துண்டிக்கப்பட்டது.

விடுதி என்றால் சிலாபத்துக்குத் தெற்கே, கடற்கரையோரத் தென்னந்தோட்டத்துக்குள் கட்டின வீடு. சண்டையில் கை கால் போன பட்டாளத்தாரையும் முதுகெலும்பு போனவர்களையும் வைத்துப் பராமரிக்கிற இடம். வாசலில் பித்தளையில் எழுத்து, உள்ளே புல்லு, பூ, தண்ணீர் பீச்சுகிற தொட்டி. பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. நாற்பத்திரண்டு பேர் அதில் கிடக்கிறார்கள். ஹாசிம் நானாவின் மகன் நஜாத்துக்கு அங்கே பன்னிரண்டாவது கட்டில்.

நஜாத் துவக்குத் தூக்கிச் சண்டை பிடித்தவன் இல்லை. தமிழ் தெரிந்த பொடியன் வேண்டுமென்று பட்டாளத்தில் எடுத்தார்கள். பங்கருக்குள் உட்கார்ந்து, காதில் குழாயை மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்துக்காரர் கதைக்கிறதைக் கேட்டு சிங்களத்தில் எழுதிக் கொடுக்கிறது வேலை. ஊரில் அதுக்கும் ஏச்சு. 'தமிழன்ட கதைய ஒட்டுக்கேட்டு சிங்களவனுக்குச் செல்லப் பெய்த்தான்' என்று பள்ளிவாசல் முற்றத்திலேயே சொன்னார்கள். ரெண்டாயிரத்தெட்டில் பங்கர்மேல் செல் விழுந்தது. கழுத்தெலும்பு நசுங்கியது. கழுத்துக்குக் கீழே அசைவெல்லாம் போய், வலது கையில் மூன்று விரல் மட்டும் மிஞ்சியது. அப்போது வயது இருபத்தாறு.

எட்டு மாசம் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். ஷிஹாராதான் பார்த்தாள், அவனுடைய உம்மா. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புரட்டி, துடைத்து, மூத்திரப் பையை மாற்றி. எட்டாம் மாசம் அவளுக்கே முதுகு போயிற்று. அதோடு விழுந்தவள் எழும்பவில்லை, இரண்டு வருசத்தில் மௌத்து. விடுதியில் கட்டில் கிடைத்தபோது ஹாசிம் நானா விடுதிப் பெரியவர்களின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் அவருக்கு எரியும்.

தேவாலயங்களில் பெரிய குண்டு வெடித்த வருசம், நோன்புக்கு முன்னே, பட்டாளம் முஸ்லிம் வீடெல்லாம் சோதனை போட்டபோது அவர் வீட்டையும் போட்டது. மெத்தையைக் கிழித்தார்கள். கருவாட்டுச் சாக்கைக் கொட்டி மிதித்தார்கள். சுவரில் நஜாத் உடுப்போடும் பதக்கத்தோடும் நிற்கிற படம். அதைக் கழற்றி, அதுக்குப் பின்னாலும் பார்த்தார்கள். பட்டாளத்தான் வீட்டில் பட்டாளத்தான் தேடினது என்னவென்று இன்றைக்கும் அவருக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து உடுப்புப் போட்ட ஆளை அவர் நம்புகிறதில்லை. உடுப்புப் போடாத ஆளையும் அவ்வளவாக நம்புகிறதில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து மகள் ரம்ஸியாவிடம் விசயத்தைச் சொன்னார். அவள் அழுதுகொண்டே சொன்னாள், "கூட்டிட்டு வந்திருங்க வாப்பா. நான் பார்க்கிறன்."

"எங்க கெடத்துற? ரெண்டு அறை, மூணு புள்ள. கக்கூசு வெளிய. ஒரு அவசரமெண்டா புத்தளத்துக்கு முப்பது மைல். உங்கும்மாவ ஒருதரம் கொண்டது போதும். உன்னையும் கொல்லவா?"

"அப்ப போய்ச் சண்டை புடிங்க!"

"சண்டை புடிச்சா என்ன நடக்கும் தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். விடுதியில் எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். மூன்று வருசத்துக்கு முன் அங்கே கிடந்த வாரியப்பொலக்காரன் ஒருத்தனின் அண்ணன், கட்டில்கள் கிடக்கிற வாட்டுக்குள் படம் பிடித்து போனில் போட்டுவிட்டான். கட்டில் இரும்புத் துருவும், நனைந்த விரிப்பும். ஒரு கிழமையில் கடிதம் வந்தது. வீட்டாருக்குத் திருப்தியில்லை என்றால் வீட்டாரே பராமரிக்கலாம். கொண்டுபோனார்கள். நாலாம் மாசம் அவனைப் புதைத்தார்கள். அதோடு வாட்டுக்குள் வீட்டார் போகிறதும் நின்றது. மாசத்தில் முதல் ஞாயிறு, முன் மண்டபத்தில், சக்கரக் கதிரையில் இறக்கிவந்து காட்டுவார்கள். சேர்ட் போட்டு, தலை வாரி, முகத்துக்குப் பவுடரும் போட்டு. கடைசி மூன்று ஞாயிறும் நஜாத்தை இறக்கவில்லை. காய்ச்சல் என்றார்கள். போனிலும் அவன் அதையே சொன்னான். மூன்று தரமும் ஹாசிம் நானா கொண்டுபோன பார்சலை மண்டபத்தில் கொடுத்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தார்.

வாயைத் திறந்தால் கட்டில் போகும். மூடினால் பிள்ளை போவான். இதுதான் கதை.

பின்னேரம் அவரே றோசமேரிக்கு எடுத்தார். "தங்கச்சி, எனக்கு அந்த வாட்டுக்குள்ள போகணும். ஒரு வழி செல்லுங்க."

"வழியா? எங்கட மேஜர் ஐயா செத்தாலும் விடமாட்டாரு. தானம் குடுக்கிறவங்கள மட்டுந்தான் உள்ள விடுறது. எழும்ப ஏலாத ஆக்களுக்குக் கட்டில்லயே சோறு குடுக்கணுமே. போன கிழமை நகைக்கடைக் குடும்பம் ஒன்டு வந்திச்சு. பாட்டி செத்த ஆண்டுக்காம். அவங்கட நாயும் வந்திச்சு நானா. பொமரேனியன். வாட்டு முழுக்க ஓடித் திரிஞ்சிச்சு."

"நாய விட்டானுகளா?"

"தானக்கார நாய்தானே."

ஹாசிம் நானா அன்றைக்கு முதல்தரமாகச் சிரித்தார். சிரிப்பு என்றால் பல்லைக் காட்டினது மட்டும்தான். "அப்ப நானும் தானக்காரன்தான். நம்பரத் தாங்க."

அது சிங்களவர்களுடைய வழக்கம். செத்தவர் பேரில், பிறந்தநாள் பேரில், கலியாண நாள் பேரில் விடுதிக்குச் சோறு கொடுக்கிறது. ஆறு மாசத்துக்கு முன்னாலேயே நாள் பிடிக்கவேண்டும். அவ்வளவு புண்ணியத்துக்கு அவ்வளவு நெருக்கடி. நாற்பத்திரண்டு வாய்க்குச் சோறூட்டத் தீவு முழுக்க ஆள் நிற்கிறது.

போன் கதைக்க றொபியைக் கூப்பிட்டார். றொபி மாம்புரிக்காரன், அந்தோனியார் படம் ஒட்டின சின்ன லொறி ஓட்டுகிறவன், சிங்களம் தண்ணிபோல் போகும். கடற்கரையில் லொறிமேல் உட்கார்ந்து விடுதிக்கு எடுத்தான். கிளாக்கர் பேசினான். தை மாசம் வரைக்கும் ஒரு நாளும் இல்லை என்றான். பிறகு என்னமோ தட்டிப் பார்த்துவிட்டு, ஒருத்தர் விலகினதால் வருகிற வியாழக்கிழமை மத்தியானம் இருக்கிறது என்றான்.

"பேர் கேக்கிறான் நானா."

"ஹாசிம் எண்டு செல்லு."

றொபி போனில் மிடுக்காகச் சொன்னான், "ஹாசிம் முதலாளி. கற்பிட்டி. கருவாட்டு வியாபாரம்."

"டேய், முதலாளியா? நான் கூலிக்குப் பெரட்டுறவன்டா!"

றொபி போனைப் பொத்திக்கொண்டான். "கூலிக்காரனுக்கு வாசல் தொறப்பானா? பேசாம இருங்க. யாரட நினைவில எண்டு கேக்கிறான்."

ஹாசிம் நானா கடலைப் பார்த்தார். "ஷிஹாரா எண்டு செல்லு. பெண்சாதி."

புதன்கிழமை பின்னேரமே வளவுக்குள் அடுப்பு மூட்டினார்கள். மீன்வாடிக்காரர்கள் ஆளுக்கு ஒன்றாய்ப் பெரிய பாரை நாலும் அறுக்குளா இரண்டும் கொடுத்தார்கள். பார்க்கப் போவது யாரை என்று எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் கேட்கவில்லை. ரம்ஸியா மாசிச் சம்பல் இடித்தாள். பக்கத்து வீட்டு ஸுஹைரா வட்டிலப்பம் அவித்தாள். மருமகன் மட்டும் வேலியில் சாய்ந்துகொண்டு முணுமுணுத்தான்.

"மௌத்தானவங்க பேர்ல சோறு குடுக்கிறது மார்க்கத்துல இல்ல மாமா. அதுவும் அவங்கட முறையில."

"மார்க்கத்துல இல்லாட்டி நீ தின்னாத. மீனக் கழுவு."

மருமகன் மீனைக் கழுவினான்.

வியாழன் விடிய லொறி புறப்பட்டது. நுரைச்சோலையில் புகைக்குழாய், பாலாவியில் உப்பளம், மதுரங்குளி, முந்தல். ஹாசிம் நானா முன் சீற்றில் வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியும் போட்டு, மடியில் வட்டிலப்பச் சட்டியோடு உட்கார்ந்திருந்தார். குழி வருகிற இடமெல்லாம் றொபியைத் திட்டினார்.

"நானா, சிலாபம் வந்திட்டுது. உள்ள போய் என்ன செய்யப் போறீங்க?"

"தெரியா."

"சண்டை புடிக்க மாட்டீங்கதானே?"

"தெரியாது எண்டு சென்னன்தானே. ரோட்டப் பார்த்து ஓட்டு."

விடுதி வாசல் தானாகத் திறந்தது. மாசா மாசம் அந்த வாசலுக்கு வெளியே மணலில் குந்தி, பேர் கூப்பிடும்வரை காத்திருந்த மனிதர். காவல்காரன் சலூட் அடித்தான். வெற்றிலைத் தட்டோடு இரண்டு பெண்பிள்ளைகள் வந்தார்கள். சுவரில் ஒரு பலகை, அதில் அவர் பேர் சிங்களத்தில், பூவெல்லாம் கீறி. மேஜர் இறங்கி வந்து இரண்டு கையாலும் கும்பிட்டார். விடுதியை நடத்துகிற ஓய்வுபெற்ற மேஜர், சந்தன வாசம், நல்ல சப்பாத்து.

"வாருங்கள் முதலாளி. இந்த வீரர்களை நினைக்கிறவர்கள் குறைந்துபோன காலம் இது."

ஹாசிம் நானா அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். பன்னிரண்டு வருசம் மாசம் ஒருதரம் இந்த மனிதனுக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றிருக்கிறார். போன மாசமும் இவன்தான் தலையைத் தூக்காமல் 'காய்ச்சல்' என்று சொன்னவன். ஒரு கண்சிமிட்டல் இல்லை. அடையாளம் தெரியவில்லை. தெரியாததுதான் அவருக்குப் புண்ணைவிடக் கூடுதலாக எரிந்தது.

"வாட்டுக்குப் போவமா?" என்றார், கருவாடு விற்கிற சிங்களத்தில். றொபி சோற்றுச் சட்டியோடு பின்னால் வந்தான்.

வாட்டு நீளமாய், துப்புரவாய் இருந்தது. யன்னலுக்கெல்லாம் புதுத் திரை. எழும்ப முடியாதவர்கள் பதினெட்டுப் பேர். எல்லாருக்கும் கழுத்துவரை வெள்ளை விரிப்பு, ஒரு மடிப்பும் இல்லாமல் இழுத்துச் செருகி, அதுக்குமேல் பதக்கம் குத்தின சேர்ட். கீழே என்ன உடுத்திருக்கிறார்கள் என்று தெரியாது. தானக்காரர் வரும்போது அப்படித்தான் வைப்பார்களாம். ஓரத்தில் றோசமேரி துடைப்பத்தோடு நின்றாள். அவரைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் வாளிக்குள் குனிந்தாள்.

பன்னிரண்டாம் கட்டில் யன்னலோரம். நஜாத் வாப்பாவைக் கண்டான். கண் பெரிதாயிற்று. தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினான். வேண்டாம் என்று.

முதலில் நன்றி சொல்கிறது. ஒரு காலில்லாத சார்ஜன்ட் எழுதிவைத்ததை வாசித்தான். ஷிஹாரா அம்மையாருக்கு இந்தப் புண்ணியம் போய்ச் சேரட்டும், அவர் குடும்பத்துக்கு நோயில்லா வாழ்வு கிடைக்கட்டும். பதினெட்டுப் பேரும் சேர்ந்து "சாது, சாது, சாது" என்றார்கள். நஜாத்தும் வாயசைத்தான். தன் உம்மாவின் பேருக்கு, யாரோ முதலாளியின் பெண்சாதிக்குச் சொல்கிறதுபோல.

சோறு போட்டார்கள். ஹாசிம் நானா ஒரு சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு நேரே பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போனார். முக்காலியை இழுத்து உட்கார்ந்து, அறுக்குளாவில் முள் பார்த்து, சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தார். கிளாக்கர் போனில் படம் பிடித்தான்.

"வாப்பா," நஜாத் மென்றுகொண்டே, உதடு அசையாமல் சொன்னான், "திண்டு முடிஞ்சதும் பேசாமப் பெய்த்திருங்க."

"எவ்வளவு நாளா?"

"என்ன எவ்வளவு நாள்?"

"பொய் செல்லாத. மீன் நாறுறத அரை மைலுக்கு அங்கால மணக்கிறவன் நான். இந்த மருந்து வாசத்துக்குக் கீழ என்ன இரிக்கி எண்டு எனக்குத் தெரியாதா? எவ்வளவு நாளா?"

நஜாத் விழுங்கினான். "பெருநாளைக்குப் பொறகு."

"மூணு மாசம்! மூணு மாசமா எனக்குக் காய்ச்சல் எண்டு சென்ன?"

"சத்தம் வேணாம் வாப்பா. ராவையில ஆறு பேர் இரிந்த எடத்துல இப்ப ஒராள். நாப்பத்திரண்டு பேருக்கு ஒராள். அவனும் மனிசன்தானே, என்ன செய்வான்? விளக்க அணைச்சா விடியும் மட்டும் கெடந்த கெட. நீங்க வாயத் தொறந்தா கடிதம் வரும். வீட்டுக்கு வந்து நான் ரம்ஸியாவையும் சாகடிக்கணுமா? உம்மாவச் சாகடிச்சது போதும்."

"நீயா சாகடிச்ச?"

"வேற யாரு?"

ஹாசிம் நானா கோப்பையைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். எழும்பி, மடிப்பில்லாமல் செருகியிருந்த விரிப்பை உருவினார்.

"முதலாளி, அதைத் தொடக்கூடாது!" மேஜர் மறுகோடியிலிருந்து சத்தமிட்டார்.

அவர் கேட்கவில்லை. ஒரு கை தோளுக்கும் ஒரு கை இடுப்புக்கும் கொடுத்து, மகனை யன்னல் பக்கமாகத் திருப்பினார். எடையே இல்லை. சேர்ட்டுக்குக் கீழே ஒரு பழைய சாரம், அது பின்பக்கம் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. பிரித்தார். முள்ளந்தண்டு முடிகிற இடத்தில் ஒரு குழி. விளிம்பு கறுத்து, நடுவில் மஞ்சளாய், அடியில் வெள்ளையாய் என்னமோ தெரிந்தது. எலும்பு. பதக்கம் மேலே, புழுப்பிடிக்கிற இடம் கீழே.

வாட்டில் கரண்டிச் சத்தம் நின்றது.

"நர்ஸ்தான் தொடவேண்டும்," மேஜர் பக்கத்தில் வந்துவிட்டார். "சட்டம் இருக்கிறது."

"எங்க நர்ஸ்?"

"லீவில்."

"அப்ப புண்ணுக்கும் லீவு குடுங்க."

"முதலாளி, உங்களுடைய மன வருத்தம் விளங்குகிறது. ஆனால் நீங்கள் வெளியாள்."

"வெளியாளா?" ஹாசிம் நானாவுக்கு சிங்களம் தட்டுத் தடுமாறியது. பாதியில் விட்டுவிட்டுத் தமிழில் சொன்னார், றொபி பின்னாலிருந்து ஒவ்வொரு வசனமாய் சிங்களமாக்கினான். "இது என் மகன். பன்னிரண்டு வருசமா நான் உன் வாசல்ல குந்தி இரிந்த. தகப்பன் எண்டு வந்தா மண்ணுல குந்தவைக்கிற. சோத்துப் பானையோட வந்தா சலூட் அடிக்கிற. போன கிழமை ஒரு நாய விட்ட. எங்களுக்கு மட்டும் இந்தக் கட்டில பார்க்க ஏலாது. நீ தலையத் தூக்கி ஒரு நாளாவது என் மூஞ்சயப் பார்த்திரிந்தா, இண்டைக்கு இந்த வெத்திலயத் தந்திரிப்பியா?"

கடைசிக் கேள்வியை றொபி மொழிபெயர்க்கத் தயங்கினான். "அதையும் செல்லுடா," என்றார். றொபி சொன்னான்.

மேஜரின் முகம் சிவந்தது. ஆனால் மெதுவாகத்தான் பேசினார். "ஆட்களைக் குறைத்தது நானில்லை. மேலே எழுதினேன். மூன்று தரம் எழுதினேன். உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால், ஐயா, வீட்டில் வைத்துப் பராமரிக்க உங்களுக்கு எப்போதும் உரிமை இருக்கிறது."

அதுதான். அந்தக் கடிதத்தின் வசனம். நஜாத் யன்னல் பக்கம் முகத்தோடு கிடந்தபடியே கண்ணை மூடினான்.

ஹாசிம் நானாவுக்கு வாயில் வந்தது நாலு வார்த்தை. கடற்கரை வார்த்தை. விழுங்கினார். றோசமேரியிடம், "தங்கச்சி, சுடுதண்ணி கொஞ்சம்," என்றார். றோசமேரி மேஜரைப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவைத்துவிட்டுப் போய்க் கொண்டுவந்தாள். இரண்டு பேருமாகத் துடைத்து, புதுத் துணி வைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்தார்கள். யாரும் தடுக்கவில்லை. பதினேழு கட்டிலும் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் கிளாக்கர், பாவம், வழக்கம் தவறக்கூடாது என்று ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்தான். தானம் முடிந்ததும் அடுத்த வருசத்துக்கும் அதே நாளைப் பிடித்துவைக்கிறது அங்கே முறை. நீலக் கோடு போட்ட பக்கங்கள். காலை, மத்தியானம், பின்னேரத் தேத்தண்ணி, இராச்சாப்பாடு.

"அடுத்த வருசமும் இதே நாளா, முதலாளி?" பழக்க தோசத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஹாசிம் நானா ஒரு பக்கத்தைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். சிங்கள எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் நிறைந்த கட்டம் எது, வெறும் கட்டம் எது என்று தெரியும். எல்லாம் நிறைந்திருந்தது. தேத்தண்ணிக்குக்கூட இரண்டு பேர்.

"றொபி, கேளு. இராச்சாப்பாடு முடிஞ்சதுக்குப் பொறகு விடியும் மட்டும் எந்தக் கட்டத்துல இரிக்கி?"

"அப்படிக் கட்டம் இல்லையாம்."

"சோறு குடுக்க இவ்வளவு சனம். பெரட்டிப் போட ஒருத்தனும் பேர் எழுதல்லயா?"

கிளாக்கர் விளங்காமல் விழித்தான். றொபி புத்தகத்தின் முன்பக்கத்தைப் புரட்டி, அச்சடித்திருந்ததை உரக்க வாசித்தான். வீரர்களுக்குக் குறைவாக உள்ளது எதுவோ, அதைத் தானமாக வழங்கலாம்.

"அப்ப சரி," என்றார் ஹாசிம் நானா. "இன்னொரு கோடு கீறச் செல்லு. இண்டைக்கு ராவு, என் பேர். நாளைக்கு ராவும் என் பேர். வேற ஆள் போடுற மட்டும் எல்லா ராவும் என் பேர். சோறு இல்ல, பெரட்டுற. இவன மட்டும் இல்ல, இந்தப் பதினெட்டுப் பேரையும். இது என் தானம்."

"இதெல்லாம் கொழும்பைக் கேட்காமல் முடியாது," என்றார் மேஜர். கிளாக்கரின் பேனை மேலே நின்றது. புத்தகத்தை மூடப்போனான்.

"சேர்."

நஜாத்தின் குரல். யன்னலைப் பார்த்துக் கிடந்தவன் சிங்களத்தில், பட்டாளத்துச் சிங்களத்தில் பேசினான். "அந்தப் புத்தகத்தை இங்கே தரச்சொல்லுங்கள்."

"நஜாத், நீ பேசாமல் இரு. உனக்குத்தான் பிரச்சினை."

"எனக்குப் பிரச்சினை பெருநாளையிலிருந்து இருக்கிறது, சேர். புத்தகத்தைத் தாருங்கள்."

றோசமேரிதான் கிளாக்கரின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினாள். வாங்கினது என்ன, பிடுங்கினாள். நஜாத்தின் வலது கைக்கு நேரே பிடித்தாள். பேனையை மூன்று விரலுக்கு நடுவே செருகினாள். அவள் புத்தகத்தை மெல்ல நகர்த்த, அவன் கோடு கீறினான். வளைந்து வளைந்து பக்கத்தின் அடிவரை போயிற்று. தலைப்பில் 'இரவு' என்று எழுதினான். கீழே தகப்பனின் பேர். முதலாளி என்று எழுதவில்லை. அதுக்குக் கீழே தன் பட்டாள இலக்கம். வேர்த்துக் கொட்டியது.

"மச்சான், முடிச்சிட்டு இங்கே அனுப்பு," பதின்மூன்றாம் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. ஆனமடுவைக்காரன், இரண்டு கையும் இல்லாதவன். "என் தம்பி வீட்டில் சும்மாதான் இருக்கிறான். செவ்வாய்க்கிழமைக்கு எழுது. நான் சொல்கிறேன், றோசமேரி எழுதட்டும்."

"எனக்கு மருமகன் இருக்கிறான்," என்றது இன்னொரு கட்டில். "சோம்பேறி. அவனையும் எழுது."

யாரோ சிரித்தார்கள். மேஜர் கையை நீட்டியபடி நின்றார். புத்தகம் அவர் கைக்கு வரவில்லை.

"இதற்கு நான் மேலே அறிக்கை அனுப்பவேண்டும்," என்றார்.

"அனுப்புங்க," என்றார் ஹாசிம் நானா, அவருக்கு வந்த சிங்களத்தில். "மூணு தரம் அனுப்பி ஒண்டும் வரல்லதானே. நாலாவதா இதையும் அனுப்புங்க."

பிறகு றொபியைப் பார்த்தார். "நீ போ. ரம்ஸியாட்ட செல்லு, ரெண்டு சாரமும் என் சுருட்டுக் கட்டும் நாளைக்குக் குடுத்தனுப்பச் செல்லி. மருமகன என்ட பந்தல்ல நிக்கச் செல்லு. மார்க்கத்துல இரிக்கோ இல்லயோ, நிக்கச் செல்லு."

றொபி போனான். மேஜரும் போனார், சப்பாத்துச் சத்தம் நடை முழுக்கக் கேட்டது. வாசலில் காவல்காரனோடு உரத்துப் பேசுகிறது கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது.

சுவர் மணிக்கூட்டில் இரண்டரை. மகனை அடுத்து நாலரைக்குத் திருப்பவேண்டும். அதுக்குள் மற்றப் பதினேழு பேர். ஹாசிம் நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்த முக்காலியில் நன்றாக ஊன்றி உட்கார்ந்தார். ஒருத்தரும் வந்து அவரை எழும்பச் சொல்லவில்லை. சொல்லிப் பார்க்கட்டும் என்றுதான் அவரும் உட்கார்ந்திருந்தார்.